ஆர்சனிக் கிணறுகள்: எந்தத் துறை ஆராய்ச்சி எதைச் செய்தது?

வேதி_டீச்சர் | திங்கள், இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். போன வாரம் பிளஸ் டூ மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் கேட்டாள்: "டீச்சர், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணி எந்த ஊரிலாவது நல்ல தண்ணீர் வந்திருக்கிறதா?" எங்கள் பகுதியில் ஃபுளோரைடு தண்ணீர் பழைய கதை. அந்தப் பிள்ளையின் முன்பற்களிலும் மஞ்சள் கறை இருக்கிறது. அதனால் அவளுக்குப் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் வங்கதேசத்துக் கிணற்றுத் தண்ணீரில் கலந்த ஆர்சனிக் என்ற நஞ்சு. சுருக்கமாகச் சொல்கிறேன், விட்டதை நீங்கள் சேர்க்க வேண்டும்.

1970கள் வரை அங்கே கிராமத்து மக்கள் குளத்துத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும்தான் குடித்தார்கள். காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் இறந்தார்கள். யூனிசெஃபும் அரசும் அடிபம்பு போட்ட குழாய்க் கிணறுகளைப் பரப்பின. அப்புறம் மக்களே சொந்தக் காசில் போட ஆரம்பித்தார்கள், எண்ணிக்கை பல லட்சங்களைத் தாண்டியது. கண்ணுக்குத் தெளிந்த, குளிர்ந்த தண்ணீர். அதில் ஆர்சனிக் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. 1993இல் மேற்கு எல்லையோரம் சபாய் நவாப்கஞ்சில் முதலில் கண்டுபிடித்தார்கள். 2000இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்மித்தும் உடன் எழுதியவர்களும் உலகச் சுகாதார நிறுவன இதழில், வரலாற்றில் ஒரு மக்கள் கூட்டம் இவ்வளவு பெரிய அளவில் நஞ்சுக்கு ஆளானது இதுவே என்று எழுதினார்கள். ஆபத்தில் இருப்பவர்கள் 3.5 கோடியிலிருந்து 7.7 கோடி வரை என்பது அவர்கள் கணக்கு.

இதில் மருத்துவர், நிலவியலாளர், வேதியியலாளர், பொருளாதார நிபுணர் எல்லோரும் இறங்கினார்கள். யாருடைய வேலை எங்கே உதவியது, எங்கே உதவவில்லை? அந்தப் பிள்ளைக்கு நேர்மையாகச் சொல்லும்படி உதவுங்கள்.

அடிபம்பு_1961 | திங்கள், இரவு 9.35

டீச்சருக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற பொறியாளன். 1980களில் உங்கள் மாவட்டத்திலும் சேலம் பக்கத்திலும் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டவன். மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வங்கதேச ஆர்சனிக்கைப் பற்றி வந்திருக்கும் ஆய்வுக் கட்டுரைகளைக் கட்டி வைத்தால் ஒரு அறை கொள்ளாது. ஆனால் 2016இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கைப்படி, கண்டுபிடித்து 20 ஆண்டுகளுக்கு மேலான பிறகும் சுமார் 2 கோடிப் பேர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆழக் கிணறு போட அரசிடம் பணம் இருந்தது. கிணறு போன இடம் மட்டும் நோய் இருந்த இடமாக இல்லை, அரசியல்வாதி கை காட்டிய இடமாக இருந்தது என்று அதே அறிக்கை சொல்கிறது. இதற்கு எந்த ஆராய்ச்சி மருந்து?

தருமபுரியிலும் பாருங்கள். பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைகிறது என்று எத்தனையோ காலமாகத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் குழாயில் ஓடிய பிறகுதான் பல ஊர்களுக்கு விடிவு. குழாய், பம்பு, பணம், பராமரிப்பு. எனக்குத் தெரிந்த தீர்வு இவ்வளவுதான்.

மணற்படுகை | திங்கள், இரவு 11.10

ஐயா, நான் நிலவியலில் முனைவர் பட்ட மாணவன், வண்டல் படுகைகள்தான் என் பாடம். குழாய் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எந்த ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கலாம் என்பதை யார் சொல்வது?

முதலில் பலரும் நம்பியது வேறொரு விளக்கம். பாசனத்துக்கு நிறைய இறைத்ததால் நீர்மட்டம் இறங்கி, மண்ணுக்குள் காற்றுப் புகுந்து, பைரைட் என்ற கனிமம் ஆக்ஸிஜன் பட்டுச் சிதைந்து ஆர்சனிக்கை விடுகிறது என்றார்கள். அது சரியென்றால் இறைப்பதை நிறுத்துவதுதான் வழி. 1998இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்களும் டாக்கா பல்கலைக்கழகத்தின் காஜி மதின் அகமதும் சேர்ந்து நேச்சர் இதழில் இதற்கு நேர் எதிரான விளக்கத்தை வைத்தார்கள்.

இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் இரும்புத் துரு படலமாக ஒட்டியிருக்கிறது. அந்தத் துருவில்தான் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதைந்துபோன இலை தழை மக்கும்போது ஆக்ஸிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் சுவாசிப்பதற்கு ஆக்ஸிஜனுக்குப் பதிலாக அந்தத் துருவையே பயன்படுத்துகின்றன. துரு கரைகிறது, ஒட்டியிருந்த ஆர்சனிக் தண்ணீருக்கு வருகிறது. நுண்ணுயிர்களின் இந்தப் பங்கை 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் மேற்கு வங்க மண்ணை வைத்துச் சோதனைச்சாலையில் காட்டினார்கள். இதற்கு நடுவே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சார்லஸ் ஹார்வி குழு முன்ஷிகஞ்சில் ஆய்வு செய்து, பாசன இறைப்பும் இதில் பங்கு வகிக்கிறது, புதிய கரிமப் பொருளைக் கீழே இழுக்கிறது என்றது. அந்த வாதம் நெடுநாள் ஓடியது.

களத்தில் இதன் பயன் என்ன? ஆழத்தில் இருக்கும் பழைய படுகைகளில் மணல் பழுப்பும் மஞ்சளுமாக இருக்கும், துரு இன்னும் கரையாமல் இருப்பதற்கு அடையாளம். மேலே உள்ள இளம் படுகையில் மணல் சாம்பல் நிறம். பிரித்தானிய நிலவியல் ஆய்வகமும் வங்கதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் நாடெங்கும் 3,534 கிணறுகளைச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டன. 150 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற வங்கதேச வரம்பைத் தாண்டின. உலகச் சுகாதார நிறுவனத்தின் 10 மைக்ரோகிராம் அளவை வைத்தால் 46 சதவீதம். ஆழக் கிணறுகளில் மிகச் சிலவே தாண்டின. நீங்கள் சொல்லும் ஆழக் கிணற்றுக்கு ஆதாரம் இதுதான், ஐயா.

ஹூக்ளிக்கரை | செவ்வாய், காலை 7.15

கொல்கத்தாவில் 20 வருடமாக இருக்கிறேன். டீச்சர் 1993 என்று ஆரம்பித்தீர்கள், கதை அதற்குப் பத்து வருடம் முன்னால் இங்கே தொடங்கியது. அது விடுபடக் கூடாது.

1983இல் இங்குள்ள வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் தோல் மருத்துவர் கே. சி. சாஹாவிடம் கிராமத்து ஆட்கள் வந்தார்கள். உடம்பெல்லாம் மழைத்துளி விழுந்த மாதிரி கருப்பும் வெள்ளையுமாகப் புள்ளி, உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முடிச்சு முடிச்சாக. ஊரில் அதைத் தொழுநோய் என்று ஒதுக்கினார்கள். அவர்தான் இது ஆர்சனிக் நஞ்சு என்று அடையாளம் கண்டவர். அப்புறம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தி 1988இலிருந்து ஊர் ஊராகப் போய்த் தண்ணீர், தலைமுடி, நகம், சிறுநீர் என்று எடுத்துச் சோதித்தார். 1995இல் கொல்கத்தாவில் சர்வதேச மாநாடு கூட்டினார். எல்லைக்கு அப்பால் டாக்கா சமுதாய மருத்துவமனையோடு சேர்ந்து வேலை செய்தார். 2018இல் இறக்கும்வரை இதையே செய்தார். அதிகாரிகள் நம்ப மறுத்த காலத்தில் எண்களை வைத்துக்கொண்டு விடாமல் பேசியவர் அவர். அந்த மாணவிக்கு இவர் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நதியா மாவட்டத்தில் என் வீட்டு வேலைக்கு உதவும் அக்காவின் ஊருக்கு ஒருமுறை போயிருந்தேன். அவருடைய அப்பா கையைக் காட்டினார். உள்ளங்கை அரிசி ஒட்டிக் காய்ந்த மாதிரி இருந்தது. "வயலில் அரிவாள் பிடித்தால் வெடித்துவிடுகிறது" என்றார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தை என்னால் புள்ளிவிவரமாக மட்டும் படிக்க முடிவதில்லை.

கணக்குநோட்டு | செவ்வாய், மதியம் 1.20

பொருளாதாரம் படித்தவள் என்ற முறையில் ஒரு விஷயம். டாக்காவுக்குக் கிழக்கே ஆராயிஹசார் என்ற பகுதியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் 2000இல் வேலையைத் தொடங்கியது. மருத்துவர், நிலவேதியியலாளர், பொருளாதாரக்காரர் எல்லோரும் ஒரே ஊர்களில், ஒரே கிணறுகளை வைத்து வேலை செய்தார்கள். இதுபோல் அமைவது அபூர்வம்.

அலெக்சாண்டர் வான் கீன் குழு 25 சதுர கிலோமீட்டருக்குள் இருந்த சுமார் 6,000 கிணறுகளையும் ஒன்றுவிடாமல் சோதித்தது. ஒரு வீட்டுக் கிணற்றில் நஞ்சு, அடுத்த வீட்டில் சுத்தமான தண்ணீர். மக்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் ஒரு நல்ல கிணற்றிலிருந்து 100 மீட்டருக்குள் வாழ்ந்தார்கள். புதிதாக எதுவும் கட்டாமல், எந்தக் கிணறு நல்லது என்று சொன்னாலே பாதிப் பேர் தப்பிக்கலாம் போலிருந்தது. சொன்னால் கேட்பார்களா?

அதையும் அளந்தார்கள். உன் கிணறு ஆபத்து என்று தெரிந்த குடும்பம் ஓர் ஆண்டுக்குள் வேறு கிணற்றுக்கு மாறும் வாய்ப்பு 37 சதவீதப் புள்ளி கூடியது. வெறும் தகவலுக்கு இவ்வளவு விளைவு என்பது எங்கள் துறையில் பெரிய விஷயம். அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் உண்டு, மாறிய வீடுகளில் தண்ணீர் எடுக்க ஆகும் நேரம் 15 மடங்கு ஆனது. முற்றத்து பம்பை அடித்தவள் இப்போது குடத்தோடு நடக்கிறாள்.

உடல்நலப் பக்கத்தில் சுமார் 12,000 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2010இல் லான்செட் இதழில் வந்த முடிவு: அந்தக் கூட்டத்தில் நடந்த மரணங்களில் சுமார் 21 சதவீதத்துக்கு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேலான ஆர்சனிக் காரணம் என்று கணிக்கலாம். தோலில் புள்ளி வராதவர்களும் தப்பவில்லை.

அடிபம்பு_1961 | செவ்வாய், இரவு 8.05

அம்மா, அந்தப் 15 மடங்கு எண்ணைப் படித்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அதைச் சுமப்பது யார் என்று அந்தக் கட்டுரையில் இருக்கிறதா? அடிபம்பு வருவதற்கு முன்னால் என் அம்மா இரண்டு மைல் நடந்தார். நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான்.

இன்னொன்று. ஆபத்து என்று சிவப்புப் பெயின்ட் அடித்த கிணற்றை விட்டுவிட்டுத் தள்ளிப் போய் எடுத்த தண்ணீர் வீட்டில் பானையில் தேங்கும், கை படும். மறுபடி வயிற்றுப்போக்கு வராதா?

கணக்குநோட்டு | செவ்வாய், இரவு 9.00

வந்திருக்கிறது என்றுதான் ஒரு குழு சொல்கிறது, ஐயா. எரிக்கா ஃபீல்டு, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், ரேஷ்மான் ஹுசாம் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள், முற்றத்துக் கிணற்றை விட்டு விலகச் சொல்லப்பட்ட குடும்பங்களில் குழந்தை இறப்பு கூடியதாகக் கண்டார்கள். இந்த முடிவைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. நல்லது என்று நம்பிச் சொன்ன ஒரு தகவல் இன்னொரு பக்கம் உயிரை எடுத்திருக்கலாம். அதற்காகச் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் மாற்று ஏற்பாட்டை அருகிலேயே கொடுக்காமல் சிவப்பு அடித்துவிட்டுப் போனதை நான் ஏற்கவில்லை.

யார் சுமந்தது என்ற கேள்விக்கு: சிராக்யூஸ் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஃபர்ஹானா சுல்தானா அதைத்தான் எழுதினார். அடுத்த வீட்டுக் கிணற்றில் தினமும் தண்ணீர் கேட்டு நிற்கும் பெண்ணின் கூச்சம், சண்டை, அவர்கள் முகம் சுளித்தால் படும் அவமானம். கிணறு 100 மீட்டர் பக்கத்தில் இருந்தாலும் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாவிட்டால் அது பத்து மைல்தான். வரைபடத்தில் இது தெரியாது.

வன்னிக்கிணறு | புதன், காலை 6.30

வணக்கம். நான் வவுனியாவில் தாதியாக வேலை செய்கிறேன். உங்கள் உரையாடலை வாசிக்கையில் எங்கட சிறுநீரக வருத்தம் (நோய்) நினைவுக்கு வந்தது.

1990களில் பக்கத்து அனுராதபுர மாவட்டத்தில் மதவாச்சி, பதவியா பக்கம் கமக்காரர்களுக்கு (விவசாயிகளுக்கு) நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை, ஆனால் சிறுநீரகம் பழுதாகிறது என்று வைத்தியர்கள் கவனித்தார்கள். எங்கட மாவட்டத்திலும் இருக்கிறது. காட்மியம் என்றார்கள், ஃபுளோரைடும் கடின நீரும் சேர்ந்து என்றார்கள், களைநாசினி என்றார்கள். 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள், பிறகு தடையைத் தளர்த்தினார்கள். மத்திய அமெரிக்காவில் கரும்புத் தோட்டத் தொழிலாளருக்கும் இதே மாதிரி வருத்தம் வருவதால், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதும் ஒரு காரணமோ என்று பார்க்கிறார்கள். ஒரே காரணம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு இன்னும் இல்லை.

ஆர்சனிக்குக்கு அந்த வங்காளத்துத் தோல் வைத்தியர் இருந்தார், கையைப் பார்த்துச் சொல்ல ஓர் அடையாளம் இருந்தது. எங்களுக்கு அப்படி ஒரு அடையாளம் வாய்க்கவில்லை. கிளினிக்கில் நோயாளிகள் என்னிடம், "மிஸ், எந்தக் கிணற்றுத் தண்ணியை நிப்பாட்ட வேணும்?" என்று கேட்பார்கள். நான் என்ன சொல்ல? ஊரில் வடிகட்டும் நிலையத் தண்ணீரை வாங்குங்கோ என்று சொல்கிறேன். பெரியவர் கேட்டாரே, ஆராய்ச்சியால் என்ன பயன் என்று. ஆராய்ச்சி முடியாத ஊரில் இருந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும், ஐயா.

வேதி_டீச்சர் | புதன், மாலை 6.45

தங்கை, உங்கள் கடைசி வரியை வகுப்பில் வாசிக்கப் போகிறேன், அனுமதி கொடுங்கள்.

மணற்படுகை தம்பி எழுதியதைப் படித்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. பூமிக்குள் துரு கரைந்ததால்தானே ஆர்சனிக் வெளியே வந்தது? அப்படியென்றால் மேலே மறுபடியும் துருவை உண்டாக்கினால் அதைப் பிடித்துவிடலாம். வடிகட்டிகள் பலவும் அந்த வழியில்தான் போயின. குஷ்தியாவில் பிறந்து ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரான அபுல் ஹுசாம் செய்த சோனோ வடிகட்டியில் இரும்புத் துண்டுகள், மணல், கரி, செங்கல் சல்லி. மின்சாரம் வேண்டாம், இரண்டு வாளி போதும். 2007இல் 10 லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. அதில் பெரும்பகுதியை வடிகட்டிகளைக் கொடுப்பதற்கே செலவிட்டார். பெர்க்லியில் அசோக் காட்கில் குழு இரும்புத் தகட்டில் மெல்லிய மின்சாரம் செலுத்தித் துருவை உண்டாக்கியது. மேற்கு வங்கத்தில் ஒரு பள்ளியில் அதை நிறுவினார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழு துரு வகைப் பொருளான இரும்பு ஆக்ஸிஹைட்ராக்சைடையும், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் சேர்த்து நுண்துகள் பொருள் செய்தது. அம்ரித் என்று பெயர். மேற்கு வங்கம் உட்பட ஆர்சனிக் உள்ள மாநிலங்களில் நிறுவப்பட்டிருக்கிறது. இந்தப் பணிக்காக அவருக்கு 2022இல் இளவரசர் சுல்தான் தண்ணீர்ப் பரிசு கிடைத்தது. கிண்டியில் செய்த பொருள் நதியாவில் தண்ணீரைச் சுத்தமாக்குகிறது என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் முகம் எப்படி மாறும் என்று இப்போதே தெரிகிறது.

ஊர்ச் சோதனைக்குப் பயன்படும் கிட்டும் 19ஆம் நூற்றாண்டு வேதியியல்தான். ஆர்சனிக்கை ஆர்சீன் வாயுவாக்கி மெர்க்குரிக் புரோமைடு தாளில் பட வைத்தால் மஞ்சளோ பழுப்போ கறை விழும். கறையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். 2000க்குப் பிறகு வங்கதேசத்தில் இதை வைத்துத்தான் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு அடித்தார்கள்.

ஹூக்ளிக்கரை | புதன், இரவு 8.20

வடிகட்டி பற்றி ஒரு எச்சரிக்கை, டீச்சர். இங்கே சில ஊர்களில் நின்றுபோன வடிகட்டிகளையும் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் பொருளை யார் மாற்றுவது, ஆர்சனிக் சேர்ந்த சகதியை எங்கே கொட்டுவது, மாதம் யார் பணம் வசூலிப்பது என்று ஊரார் உட்கார்ந்து பேசி முடிவு செய்த இடத்தில் ஓடுகிறது. மற்ற இடத்தில் கதவுக்குப் பூட்டு.

சோறுவடி | புதன், இரவு 9.10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், வீட்டில் சமைப்பவள் கேட்கிறேன். அரிசியிலும் ஆர்சனிக் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? குக்கரில் வைப்பதற்குப் பதில் வடித்தால் குறையுமா?

மணற்படுகை | புதன், இரவு 10.00

உண்மைதான், அக்கா. தண்ணீர் நிற்கும் வயலில் மண்ணுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து, அதே துரு கரையும் கதை நடக்கிறது. நெல் வேர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ மெஹார்க் இதை விரிவாக ஆராய்ந்தார். சமைக்கும் தண்ணீர் நல்லதாக இருந்தால் நிறையத் தண்ணீர் வைத்து வேகவைத்துக் கஞ்சியை வடிப்பது ஆர்சனிக்கைக் குறைக்கும். சத்தும் கொஞ்சம் கஞ்சியோடு போகும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் அதற்கும் ஒரு வழி சொன்னது: 5 நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீர் ஊற்றி வற்றும்வரை வேகவைப்பது. வெள்ளை அரிசியில் 73 சதவீதமும் தீட்டாத அரிசியில் 54 சதவீதமும் ஆர்சனிக் போனது. தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தால் வடித்துப் பயனில்லை.

அடிபம்பு_1961 | வியாழன், காலை 5.50

இரவு சரியாகத் தூங்கவில்லை. ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

1992இல் பிரித்தானிய நிலவியல் ஆய்வகம் வங்கதேசத்தில் சில கிணறுகளைச் சோதித்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள், ஆர்சனிக்கைப் பார்க்கவில்லை. அது பெரிய வழக்காகி 2006இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டன் பிரபுக்கள் சபை வரை போனது. கிராமத்து மக்களுக்கு அந்த ஆய்வகம் சட்டப்படி கடமைப்பட்டதில்லை என்று தீர்ப்பு. முன்பு படித்தபோது அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நாங்களும் அந்தக் காலத்தில் போர் போட்டுத் தண்ணீர் வந்ததும் என்ன பார்த்தோம்? உப்பா, கலங்கலா, மணிக்கு எவ்வளவு. வாயில் ஊற்றிப் பார்த்து "நல்ல தண்ணி" என்று மேஸ்திரி சொன்னால் தலைமேல் தெளித்துக்கொண்டு மாலை போடுவார்கள். நானும் மாலை வாங்கியிருக்கிறேன். அதே ஊர்களில் பத்துப் பதினைந்து வருடம் கழித்து, ஃபுளோரைடால் கால் வளைந்த குழந்தைகளைப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் நான் தோண்டியது.

நேற்று வன்னிக்கிணறு மகள் எழுதியதை நான்கு தடவை வாசித்தேன். முதல் நாள் நான் கேட்ட கேள்வியை அந்த வேகத்தில் இப்போது கேட்க மாட்டேன். கிணறு எங்கே போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் விடமாட்டேன்.

என்னிடம் பழைய நோட்டுகள் இருக்கின்றன. 1983 முதல் 1991 வரை போட்ட ஒவ்வொரு போருக்கும் ஊர், சர்வே எண், எத்தனை அடியில் பாறை தட்டியது, எந்த நிறத் தூள் வந்தது, எத்தனை அடியில் தண்ணீர் என்று என் கையால் எழுதியது. அலுவலகத்தில் கொடுத்த பிரதிகள் என்ன ஆயினவோ. இவை யாருக்காவது உதவுமா?

மணற்படுகை | வியாழன், காலை 6.20

ஐயா, உதவுமா என்றா கேட்கிறீர்கள்! பாறை ஆழமும் தூளின் நிறமும் எழுதிய பழைய பதிவு தருமபுரிக்கு எங்கே கிடைக்கும்? டீச்சரின் மாணவர்கள் இன்றைய கிணறுகளில் ஃபுளோரைடு அளந்தால், எந்த ஆழம், எந்தப் பாறை, எவ்வளவு ஃபுளோரைடு என்று பொருத்திப் பார்க்கலாம். முடிவை முதலில் அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கே கொடுப்போம். எங்கள் துறையில் அளவுக் கருவி இருக்கிறது, வழிகாட்டியிடம் இன்றே கேட்கிறேன். பக்கங்களைத் தட்டையாக வைத்து, நிழல் விழாமல் கைபேசியில் படம் எடுத்தால் போதும்.

வேதி_டீச்சர் | வியாழன், காலை 7.05

சனிக்கிழமை 12 பிள்ளைகள் வருகிறார்கள். கேள்வி கேட்டவளும் அதில் ஒருத்தி. ஐயா, முடிந்தால் நீங்களே பள்ளிக்கு வந்து அந்த நோட்டை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தூளின் நிறத்தைப் பார்த்து எப்படிப் பாறையைச் சொல்வீர்கள் என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

அடிபம்பு_1961 | வியாழன், காலை 7.30

வருகிறேன், டீச்சர். காலை 6 மணி பஸ் இருக்கிறது. மொத்தம் ஏழு நோட்டு. 1986ஆம் ஆண்டு நோட்டில் சில பக்கங்கள் மழையில் நனைந்து ஒட்டிப்போய்விட்டன, அவற்றை எப்படிப் பிரிப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.